நான்கு விரற்கடை

குளிர் இறங்கினால் வந்துவிடும்.
மின்நிலையம் வெந்நீர் கக்கும்
அந்தச் சிமெண்ட் கால்வாய்க்கு,
சம்பள நாளில் நாங்கள் வருவதுபோல்
ஒன்றன்பின் ஒன்றாக
கடற்பசுக்கள்.

முப்பத்தோரு வருடம்
அங்கே கொதிகலன் பார்த்தவன் நான்.
தலைக்கு மேல் புகை,
காலுக்குக் கீழ் சாம்பல்நிற முதுகுகள்.
நடுவில் உட்கார்ந்து
சாண்ட்விச் தின்றிருக்கிறேன்.

ஃபுளோரிடாவில் கடல் எப்போதும் வெதுவெதுப்பு என்று
வடக்கிலிருந்து வருகிறவர்கள் நம்புகிறார்கள்.
கடற்பசுவிடம் கேட்கட்டும்.
அத்தனை பெரிய உடம்பு,
போர்த்திக்கொள்ளக் கொழுப்பு போதாது.
தண்ணீர் சற்றே சில்லிட்டால்
தோல் வெளுத்து, பசி மறந்து,
சத்தமில்லாமல் செத்துப்போகும்.

கடற்புல் அழிந்த வருடம்
லாரி லாரியாக லெட்டூஸ் வந்தது.
ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். போனேன்.
எங்கள் தெருவில் எல்லா வீட்டு முன்னாலும்
பச்சைக் கம்பளம்போல் புல்வெளி.
அதற்குப் போட்ட உரம் மழையோடு இறங்கி
காயலைப் பாசிக் குழம்பாக்கி
அடியிலிருந்த புல்லுக்கு வெயிலை மறைத்துவிட்டதாம்.
மேலே புல் வளர்த்தோம்,
கீழே புல் போயிற்று.
ஒதாலிஸ் இதைச் சொன்னபோது
நான் லெட்டூஸை இன்னும் கொஞ்சம் தூரமாய் எறிந்தேன்.

ஒதாலிஸ் வைத்திருப்பது தழும்புப் பதிவேடு.
முகம் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால்
முதுகை வைத்துத்தான் ஆளை அறிய வேண்டும்.
வால் நுனி சிதைந்தது ஒன்று,
இடது விலாவில் பிறைபோல் ஒன்று,
ஏணிப்படி மாதிரி ஒன்பது வெட்டு வாங்கியது ஒன்று.
தழும்பில்லாததற்கு எண் கிடையாது.
படகு ஏறினால்தான்
பதிவேட்டில் ஏறும்.

இருநூற்றுப் பதினேழின் படத்தில்
ஏழு வெட்டு.
ஒவ்வொன்றுக்கும் நடுவே நான்கு விரற்கடை.

பதினோரு வருடம் முன்பு, ஆகஸ்டில்,
என் மைத்துனன் கல்யாணத்துக்கு மறுநாள்.
பெட்டி நிறைய ஐஸ், அதற்குள் பீர்.
'மெதுவாகச் செல்லவும்' பலகையை
எல்லாரும்போல் நானும் பார்த்தேன்,
பார்த்துக்கொண்டே கடந்தேன்.
அடியில் ஒரு குலுக்கல்.
"மரக்கட்டை" என்றேன்.
வெர்லீன் பின்னால் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
பிறகு கரை வரும்வரை
தன் செருப்பைப் பார்த்தாள்.

அன்றிரவே கொட்டகைக்குப் போய்
படகின் சுழல்விசிறியில் கை வைத்துப் பார்த்தேன்,
இருட்டில், விளக்குப் போடாமல்.
ஒரு நுனி லேசாக மடங்கியிருந்தது.
சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
போன செவ்வாய்க்கிழமை
ஒதாலிஸிடம் சொன்னேன்.

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
"வில்லர்ட், இந்த அளவு விசிறி
இந்தக் காயலில் ஆயிரம் படகில் இருக்கும்.
வேகம் மாறினால் இடைவெளியும் மாறும்.
இது கையெழுத்து இல்லை."
சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

மன்னித்துவிட்டாளா, இல்லை,
மன்னிக்கக்கூட லாயக்கில்லாமல்
ஆயிரத்தில் ஒருவனாக்கிவிட்டாளா?
வீட்டுக்கு வரும் வழியெல்லாம்
அதையே உருட்டிக்கொண்டு வந்தேன்.

இன்னும் இரண்டு வருடத்தில் நிலையத்தை மூடுகிறார்கள்.
நல்லதுதான். புகை போகும்.
வெந்நீரும் போகும்.
பாட்டன் காலத்துச் சூடான ஊற்றுகளின் வழியை
இந்தக் கால்வாயில் பிறந்தவை மறந்துவிட்டன என்கிறார்கள்.
கூட்டம் போட்டார்கள். வரைபடம் காட்டினார்கள்.
ஒரு பொறியாளர் இருமினார்.
நானும் கை தூக்கினேன்,
எழுந்து நின்றபின்
என்ன கேட்க வந்தேன் என்பது தெரியவில்லை.

இன்று காலை பனிமூட்டம்.
புஸ்ஸென்று ஒரு மூச்சு, மதகுக்குப் பக்கத்தில்.
ஏழு வெட்டு, எண்ணிப் பார்த்தேன்.
அக்குளை ஒட்டி ஒரு கன்று,
பால் குடித்துக்கொண்டிருந்தது.
அதன் முதுகு முழுக்க வழவழப்பு,
நனைந்த களிமண் மாதிரி.

"இது யாரென்று எழுதுவாய்?"

ஒதாலிஸ் வெகுநேரம் பார்த்தாள்.
"எழுத ஒன்றுமில்லை" என்றாள்,
பதிவேட்டை மூடி
அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தாள்.

நான் எழுந்துபோய்
அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.